வாசகர் கேள்வி – பதில்: கேம்பர் வேனில் கேஸ் ஃப்ரிட்ஜ்

கோடைப் பயணக் காலம் தொடங்கியதும் கேம்பர் வேன் வைத்திருக்கும் வாசகர்கள் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். புரொப்பேனில் ஓடும் ஃப்ரிட்ஜ் ஏன் சரியாகக் குளிர்வதில்லை? இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

எங்கள் பழைய கேம்பர் வேனில் இருக்கும் கேஸ் ஃப்ரிட்ஜ் மே மாதத்தில் நன்றாகக் குளிர்ந்தது. ஜூலையில் 12 டிகிரிக்குக் கீழே இறங்க மறுக்கிறது. ஊரில் ஃப்ரிட்ஜ் குளிராவிட்டால் கேஸ் நிரப்புவார்களே, அதுபோல இதற்கும் நிரப்பலாமா?
– வாசகர், மிசிசாகா, கனடா

நிரப்ப முடியாது, நிரப்பத் தேவையும் இல்லை. 'கேஸ்' என்ற ஒரே சொல் இரண்டு வேறு பொருள்களுக்கு வழங்குவதால் வரும் குழப்பம் இது. வீட்டு ஃப்ரிட்ஜில் கம்ப்ரஸர் சுற்றிச் சுற்றி அனுப்பும் வாயுவைத்தான் அங்கே 'கேஸ்' என்கிறோம். அது கசிந்தால் மறுபடி நிரப்புவார்கள். உங்கள் வேனில் புரொப்பேன் குளிர்விக்கும் பொருளே அல்ல, வெறும் விறகு. பெட்டிக்குப் பின்னால் ஒரு சின்ன அடுப்பு எரிகிறது, அவ்வளவுதான்.

குளிர்விப்பது பின்பக்கத்து எஃகுக் குழாய்களுக்குள் நிரந்தரமாக அடைபட்டிருக்கும் அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் என்ற மூன்றும். அடுப்பின் சூட்டில் அம்மோனியா கலந்த நீர் கொதிக்கும். குமிழிகள் கரைசலைத் தள்ளிக்கொண்டு குறுகிய குழாயில் மேலேறும். பிரிந்த அம்மோனியா ஆவி உச்சியிலுள்ள கண்டென்சரில் வெளிக்காற்றால் ஆறித் திரவமாகும். பிறகு உறைபெட்டியைச் சுற்றியுள்ள குழாய்க்குள் இறங்கி, ஹைட்ரஜனோடு சேர்ந்து மறுபடி ஆவியாகும். அப்போது பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஆவியைக் கீழே இருக்கும் சுருள் குழாயில் நீர் உறிஞ்சிக்கொள்ள, சுற்று மறுபடி தொடங்கும். மோட்டார் இல்லை, பம்ப் இல்லை. எல்லாவற்றையும் நகர்த்துவது நெருப்பும் புவியீர்ப்பும்தான். ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பல்ட்சார் வான் பிளாட்டன், கார்ல் முன்டெர்ஸ் இருவரும் 1922இல் கண்ட வழி இது. அடிப்படை இன்றுவரை மாறவில்லை.

மேயில் குளிர்ந்தது ஜூலையில் குளிரவில்லை என்கிறீர்கள். குழாயில் ஓட்டை இருந்தால் மேயிலேயே குளிர்ந்திருக்காது. வெளிக்காற்று சூடானதும் கண்டென்சரால் வெப்பத்தைக் கழற்றிவிட முடியவில்லை என்பதே முதல் சந்தேகம். இந்த வகை ஃப்ரிட்ஜில் குளிர் குறைந்தால் கதவுப் பக்கம் நின்று தெர்மோஸ்டாட்டைத் திருகிக்கொண்டிருப்பது வீண். வண்டியைச் சுற்றிப்போய் வெளிச்சுவரிலுள்ள காற்றுத் துவாரத்தின் கம்பித் தட்டைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அடுத்த கேள்விக்கான பதில் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கோடையில் இங்கே 40 டிகிரி சர்வசாதாரணம். பின்பக்கம் ஒரு ஃபேன் வைத்தால் போதும் என்கிறார்கள். எங்கே, எப்படி வைப்பது?
– வாசகி, மெல்பர்ன், ஆஸ்திரேலியா

ஃபேனுக்குப் போகும் முன் இரண்டு வேலை இருக்கிறது.

கதவைத் திறந்து உள்ளே ஒட்டியிருக்கும் தகவல் பட்டையைப் படியுங்கள். தட்பவெப்ப வகுப்பு என்று ஓரெழுத்தோ ஈரெழுத்தோ இருக்கும். 'என்' அல்லது 'எஸ்.என்.' என்றால் அந்தப் பெட்டி 32 டிகிரி வரைக்கும் செய்யப்பட்டது. 'எஸ்.டி.' 38 வரை, 'டி' 43 வரை. 32 டிகிரிக்குச் செய்த பெட்டியை 40 டிகிரியில் ஓட்டும்போது 4 டிகிரி குளிர் எதிர்பார்ப்பது நியாயமில்லை. கீழே சொல்லும் மாற்றங்கள் உதவும், ஆனால் வகுப்பை மாற்றிவிடாது.

இரண்டாவது, காற்று போகும் வழி. கீழ்த் துவாரத்தில் நுழையும் காற்று சூடேறி, புகைப்போக்கிபோல மேலேறி, கண்டென்சர் தகடுகளின் ஊடாகப் போய் மேல் துவாரத்தில் வெளியேற வேண்டும். பல வேன்களில் ஃப்ரிட்ஜின் முதுகுக்கும் வண்டிச் சுவருக்கும் இடையே 8, 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டிருப்பார்கள். காற்று சோம்பேறி. அகலமான வழி இருக்கும்போது நெருக்கமான தகடுகளுக்குள் நுழையாமல் சுவரோரமாகவே ஏறிப் போய்விடும். இடைவெளி கூடினால் நல்லதுதானே என்று நினைப்பவர்கள் தவறுவது இங்கேதான். கண்டென்சருக்கும் சுவருக்கும் இடையே 25 மி.மீ.க்கு மேல் இருந்தால், கண்டென்சருக்குச் சற்றுக் கீழே தொடங்கி, சுவரிலிருந்து தகடுகளை நோக்கிச் சாய்வாக ஒரு மெல்லிய அலுமினியத் தகட்டை அடியுங்கள். கண்டென்சருக்கு மேலேயும் ஒரு தகட்டைச் சாய்த்து வைத்து, சூடான காற்றை மேல் துவாரத்துக்குத் திருப்பிவிடுங்கள். அங்கே ஒரு மூலை அடைத்துக் கிடந்தால் சூடு அதில் தேங்கி நிற்கும். பெட்டியின் இரு பக்கமும் உச்சியும் அலமாரியோடு சேரும் இடுக்குகளைக் கண்ணாடிக் கம்பளியால் அடையுங்கள். புகைக்குழாய்ப் பக்கம் தெர்மோகோலோ ஸ்பாஞ்சோ வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும்.

இனி ஃபேன். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 120 மி.மீ., 12 வோல்ட் ஃபேன் இரண்டு போதும். கண்டென்சருக்குக் கீழே, தகடுகளை நோக்கி மேல்முகமாக ஊதும்படி வைப்பதே நல்லது. இடம் இல்லாவிட்டால் மேல் துவாரத்தின் உட்புறம், காற்றை வெளியே இழுக்கும்படி வைக்கலாம். கீழே பர்னருக்கு அருகில் வைத்தால் சுடர் அலைபாயும், அணையவும் செய்யும். 45 டிகிரியில் தானாக இணையும் சிறு தெர்மல் சுவிட்ச் ஒன்றைக் கண்டென்சர் தகட்டில் பொருத்தி அதன் வழியாக மின்சாரம் கொடுத்தால், இரவுக் குளிரில் ஃபேன் தேவையில்லாமல் ஓடாது. ஒரு ஃபேன் சுமார் 0.15 ஆம்பியர் இழுக்கும். நாள் முழுக்க ஓடினாலும் ஒன்றுக்கு 4 ஆம்பியர்-மணிக்குள் அடங்கிவிடும். 1 ஆம்பியர் ஃபியூஸ் போட மறக்காதீர்கள்.

வண்டியை நிறுத்தும் திசையும் கணக்கில் உண்டு. நீங்கள் இருப்பது தென்கோளம், உச்சிவெயில் வடக்கிலிருந்து விழும். அதனால் துவாரங்கள் உள்ள பக்கம் தெற்கைப் பார்த்து நிற்கட்டும். கனடா வாசகருக்கு இதுவே தலைகீழ், வடக்கு. மேற்கு இருவருக்கும் ஆகாது.

பர்னரை ஏற்றியதும் சுடர் மஞ்சளாக எரிகிறது, சில நாள் தானாக அணைந்துவிடுகிறது. நாமே சுத்தம் செய்யலாமா?
– வாசகர், டெக்சஸ், அமெரிக்கா

செய்யலாம். ஸ்பேனர் பிடித்துப் பழகிய கையாக இருக்க வேண்டும். நல்ல சுடர் நீலமாக, மெல்லிய சீறலோடு, ஆடாமல் நிற்கும். மஞ்சள் என்றால் எரிபொருளுக்கு ஏற்ற காற்று போகவில்லை. தூசி, துரு, சிலந்தி வலை, குளவிக் கூடு, இந்த நான்கில் ஒன்றுதான் காரணம். கசிவு தெரிவதற்காக கேஸில் சேர்க்கும் வாசனைப் பொருளைச் சிலந்திகள் தேடி வருவதாக மெக்கானிக்குகள் சொல்வார்கள். எப்படியானாலும், ஒரு குளிர்காலம் சும்மா நின்ற வண்டியில் கண்டிப்பாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

சிலிண்டரை மூடி, பெட்டி முழுக்க ஆறும்வரை காத்திருங்கள். கீழ்த் துவாரத் தட்டைக் கழற்றி, பர்னரை மூடியிருக்கும் தகர உறையை எடுங்கள். பர்னர்மேல் ஒரு துணியைப் போர்த்துங்கள், மேலிருந்து விழும் துரு அதற்குள் போகக் கூடாது. மேல் துவாரம் வழியாகப் புகைக்குழாயின் வாயைப் பாருங்கள். உள்ளே ஒரு கம்பியில் முறுக்கிய தகடு ஒன்று தொங்கும். வெப்பம் நேராக ஓடிவிடாமல், சுழன்று கொதிகுழாயில் பட வைப்பது அதுதான். எடுக்கும் முன் அது எவ்வளவு கீழே தொங்குகிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்தபின் அதே உயரத்தில் தொங்க வேண்டும். 'எதற்கு இந்தத் தகரம்' என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, சுத்தம் செய்த பிறகுதான் குளிர் குறைந்தது என்று வருபவர்கள் உண்டு.

தகட்டை எடுத்தபின் நீளப் பிரஷ்ஷால் குழாயை மேலும் கீழும் தேய்த்துக் கரியை உதிருங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். பிறகு பர்னரைக் கழற்றி, அதில் சுடர் வரும் கீற்றுத் துளைகளைப் பழைய டூத்பிரஷ்ஷால் துலக்குங்கள். பர்னருக்குள் கேஸை விடும் சிறு துளையுள்ள முனையான ஜெட்டை மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சில மணி நேரம் ஊறப்போட்டு, காற்றில் உலரவிடுங்கள். ஊசி, குண்டூசி, கம்பி எதையும் அதில் நுழைக்காதீர்கள். அந்தத் துளை ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதி. ஒரு கீறல் விழுந்தாலே கேஸ் அளவு மாறி, கரி பிடிக்க ஆரம்பிக்கும். ஜெட் விலை அதிகமில்லை, சந்தேகம் வந்தால் அதே எண்ணுள்ள புதியதைப் போடுங்கள்.

தீப்பொறி முனைக்கும் பர்னருக்கும் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். இறுக்கும்போது இரண்டு ஸ்பேனர் பிடியுங்கள், ஒன்றால் திருகினால் செம்புக் குழாய் முறுக்கிக்கொள்ளும். சிலிண்டரைத் திறந்து எல்லா இணைப்பிலும் சோப்பு நீர் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம்.

தானாக அணைவதற்கு இன்னொரு காரணம் சுடருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தெர்மோகப்பிள். சுடர் இருக்கிறது என்று வால்வுக்குச் சொல்வது அதுதான். கரி படிந்தாலோ, முனை சுடரை விட்டு விலகினாலோ வால்வு மூடிக்கொள்ளும். நல்ல தெர்மோகப்பிள் சூடான நிலையில் சுமார் 25 முதல் 30 மில்லிவோல்ட் காட்டும். முனையைத் துடைத்து, நட்டைக் கையால் இறுக்கி, பிறகு கால் திருகு மட்டும் ஸ்பேனரால் திருகுங்கள்.

சுடர் நீலம், ஆனால் குட்டையாகச் சோர்ந்து எரிகிறது என்றால் ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள். அமெரிக்காவில் அழுத்தம் 11 அங்குல நீர்மட்டம், சுமார் 27.5 மில்லிபார். ஆஸ்திரேலியாவில் 2.75 கிலோபாஸ்கல். அடுப்பையும் சேர்த்து எரியவிட்டு மேனோமீட்டரால் அளந்தால்தான் உண்மை தெரியும். சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டி, வேலை வந்ததும் சரிந்துவிடும் ரெகுலேட்டர்கள் உண்டு. அவற்றை மாற்றவே வேண்டும், திருகிச் சரிசெய்யக் கூடாது.

வண்டியை மேடு பள்ளத்தில் நிறுத்தினால் கெட்டுவிடுமாமே, உண்மையா?
– வாசகர், ஸ்கார்பரோ, கனடா

உண்மை. உள்ளே திரவம் ஓடுவது சரிவை நம்பித்தான். சாய்ந்து நின்றால் ஒரு வளைவில் தேங்கிவிடும், கொதிகுழாய் வற்றிச் சூடேறும். துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்துள்ள சோடியம் குரோமேட் படிந்து குழாயை அடைத்துவிடும். அந்த அடைப்பு அநேகமாக மீளாது. அமெரிக்க மாடல்கள் பலவற்றில் பெட்டியின் பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின் 6 டிகிரி வரை பொறுக்கும். 3 டிகிரி என்பது ஒரு மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் உயர வித்தியாசம். ரசமட்டத்தை வண்டித் தரையில் வைக்காமல் உறைபெட்டியின் அடித்தட்டில் வையுங்கள். வேனில் ஃப்ரிட்ஜ் பெரும்பாலும் குறுக்கே திரும்பி நிற்பதால், வண்டியின் முன்பின் சாய்வுதான் பெட்டிக்குப் பக்கவாட்டுச் சாய்வு. ஓடும்போது பயமில்லை, குலுங்கலில் திரவம் ஒரே இடத்தில் நிற்காது.

எங்களிடம் ஃபோக்ஸ்வாகன் வேனகன் வெஸ்ட்ஃபாலியா இருக்கிறது. ஃப்ரிட்ஜைப் பற்றவைக்கவே அரைமணி ஆகிறது.
– வாசகி, கலிஃபோர்னியா

வட அமெரிக்காவில் 1980 முதல் 1991 வரை விற்ற வண்டி அது. உள்ளே இருப்பது டொமெடிக் நிறுவனத்தின் ஆர்.எம். 182 வகை. எரிவதற்கு வேண்டிய காற்றும் புகையும் வண்டிச் சுவரிலுள்ள துவாரம் வழியாக மட்டுமே போய்வரும்படி எரியறை மூடப்பட்டிருக்கிறது. பற்றவைக்கும் முன் கையால் அடிக்க ஒரு காற்றுப் பம்ப் வைத்திருப்பது அதனால்தான். பழைய புகையையும் ஈரக்காற்றையும் தள்ளி வெளியேற்றாமல் பொறி தட்டினால் பற்றாது. 15, 20 முறை நிதானமாகப் பம்ப் அடித்து, பாதுகாப்பு வால்வை அமுக்கிக்கொண்டே பொறி தட்டி, அடிப்பகுதியிலுள்ள சிறு கண்ணாடித் துளையில் நீலம் தெரிந்ததும் மேலும் 30 நொடி வால்வை விடாமல் பிடியுங்கள். நெடுநாள் நின்ற வண்டியில் கேஸ் குழாய்க்குள்ளும் காற்று நிறைந்திருக்கும். முதலில் அடுப்பை ஒரு நிமிடம் எரியவிட்டால் குழாய் நிரம்பிவிடும். இத்தனைக்கும் பற்றாவிட்டால், புகைக்குழாயிலிருந்து உதிர்ந்த துரு பர்னரை மூடியிருக்கிறது. பெட்டியை வெளியே இழுத்துத்தான் ஆக வேண்டும். இழுத்த கையோடு, பின்னாலிருக்கும் வயதான சிறு ஃபேனையும் மாற்றிவிடுங்கள்.

ஓட்டும்போது 12 வோல்ட்டில் போடுகிறோம். போய்ச் சேரும்போது பால் வெதுவெதுப்பாக இருக்கிறது.
– வாசகர், நியூ ஜெர்சி

வயர் மெல்லியது. மின்சாரத்தில் ஓடும்போது நெருப்புக்குப் பதிலாகச் சூடு தருவது ஒரு ஹீட்டர். சிறிய பெட்டியின் ஹீட்டரே 12 ஆம்பியர் அளவு இழுக்கும். பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 10 மீட்டர். 2.5 சதுர மி.மீ. செம்பு வயரில் சுமார் 0.84 வோல்ட் வழியிலேயே தொலையும். ஹீட்டரின் சூடு வோல்ட்டின் வர்க்கத்தோடு குறையும் என்பதால் எட்டில் ஒரு பங்கு சூடு போச்சு. துருப்பிடித்த முனைகளும் சேர்ந்தால் இன்னும் மோசம். 10 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.2 வோல்ட்டாகச் சுருங்கும். பேட்டரி அருகே 20 ஆம்பியர் ஃபியூஸ், எஞ்சின் நின்றதும் துண்டிக்கும் ரிலே இரண்டும் வேண்டும். ரிலே இல்லாமல் மதிய உணவுக்கு நிறுத்தித் தூங்கிவிட்டால், 100 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு மணி நேரத்தில் பாதி காலி.

12 வோல்ட், குளிர்ந்ததைக் காப்பாற்றத்தான். முந்தின நாளே வீட்டு மின்சாரத்திலோ கேஸிலோ 24 மணி நேரம் ஓடவிட்டு, வீட்டு ஃப்ரிட்ஜில் குளிர்ந்த பொருள்களை மட்டும் ஏற்றுங்கள். கேஸை எரியவிட்டு ஓட்டுபவர்கள் பெட்ரோல் பங்க்குக்குள் நுழையும் முன் கண்டிப்பாக அணைக்க வேண்டும். பால்டிமோர் துறைமுகச் சுரங்கப் பாதைகளைப் போலச் சில இடங்களில் புரொப்பேன் சிலிண்டருக்கே கட்டுப்பாடு உண்டு, வழியை முன்னதாகப் பாருங்கள்.

இட்லி மாவு, தயிர், மாமியாரின் இன்சுலின், எல்லாம் ஒரே பெட்டியில். எதை எங்கே வைப்பது?
– வாசகி, சிகாகோ

முதலில் 10 டாலருக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, நடுத்தட்டில் ஒரு தம்ளர் நீரில் போட்டு வையுங்கள். காட்டவேண்டியது 4 டிகிரிக்குள். இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்தால் பயனில்லை. எனவே பின்சுவரின் அலுமினியத் தகடுகளை ஒட்டி வைக்காமல் நடுத்தட்டில் முன்பக்கமாக, ஒரு டப்பாவுக்குள் வையுங்கள்.

மாவைப் பாதியளவு மட்டும் நிரப்பிய மூடிய பாத்திரத்தில் வையுங்கள். மூடாத சாம்பார், ரசம், ஈரக் கீரை எல்லாமே தகடுகளில் பனியாகப் படியும். பனி 3 மி.மீ. தடித்தாலே குளிர் உள்ளே வராது. அணைத்துவிட்டு வெந்நீர்ப் பாத்திரம் வைத்துக் கரைப்பதே வழி, கத்தியால் சுரண்டினால் பெட்டியே போய்விடும். தட்டுகளில் செய்தித்தாளோ ஃபாயிலோ விரிக்காதீர்கள், குளிர்காற்று கீழே இறங்க வழி வேண்டும். தகடு ஒன்றில் சிறு உணரி கவ்விக்கொண்டிருந்தால், பல டொமெடிக் மாடல்களில் அதை மேலே நகர்த்தினால் குளிர் கூடும், கீழே இறக்கினால் குறையும். கதவு ரப்பருக்கு ஒரு டாலர் நோட்டு போதும். கதவில் கவ்வி இழுத்தால் பிடிப்பு தெரிய வேண்டும்.

குளிர்காலத்திலை அல்ப்ஸ் பக்கம் போனால் எங்கட வேனுக்குள்ளை இருக்கிற பிரிட்ஜ் வேலை செய்யுதில்லை. குளிரிலை இன்னும் நல்லா வேலை செய்ய வேணுமே?
– வாசகர், பேர்ன், சுவிட்சர்லாந்து

சிலிண்டரில் இருப்பது பியூட்டேனா என்று பாருங்கள். பியூட்டேன் பூஜ்ஜியத்தை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும், அதன் கொதிநிலை –0.5 டிகிரி. புரொப்பேன் –42 வரை தாங்கும். குளிர்காலத்துக்குத் தனிப் புரொப்பேன்தான். வெளிக்காற்று 10 டிகிரிக்குக் கீழே போனால் துவாரங்களுக்கு நிறுவனம் தரும் குளிர்கால மூடியைப் போடுங்கள். முழுக்க அட்டை வைத்து அடைத்துவிடாதீர்கள், எரிபுகை வண்டிக்குள் திரும்பும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் இந்த ஃப்ரிட்ஜோடு உறங்கவே கூடாது. உயரமும் ஒரு தொல்லை. அமெரிக்க மாடல் கையேடுகள் 5,500 அடிக்கு, அதாவது சுமார் 1,675 மீட்டருக்கு மேல் குளிர் குறையும், சுடர் அணையும் என்றே எச்சரிக்கின்றன. யெல்லோஸ்டோன் ஏரிக்கரை 2,350 மீட்டர். அங்கே போகிறவர்களுக்கும் இதே பதில்: மின் இணைப்புள்ள முகாமில் கேஸை விட்டு மின்சாரத்துக்கு மாறுங்கள்.

ஃப்ரிட்ஜின் பின்பக்கம் மஞ்சள் நிறத்தில் ஏதோ தூள் படிந்திருக்கிறது. தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் சரியாகும் என்கிறார் நண்பர்.
– வாசகர், ஹூஸ்டன்

உடனே அணைத்துவிடுங்கள். அந்தத் தூள் குழாய் வெடிப்பிலிருந்து வந்த சோடியம் குரோமேட், நச்சு. கையால் தொடாதீர்கள், ஊதாதீர்கள். பெட்டிக்குள் அம்மோனியா நெடி அடித்தாலும் இதே கதைதான். கசிவது ஹைட்ரஜனும் கூட, பக்கத்தில் எரிவது நெருப்பு. கொதிகுழாய் வெடிப்பால் தீப்பிடிக்கும் அபாயத்துக்காக 2006இல் அமெரிக்காவில் டொமெடிக் ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான ஃப்ரிட்ஜ்களைத் திரும்ப அழைத்தது. பழைய வண்டி வாங்கியவர்கள் வரிசை எண்ணைச் சரிபார்ப்பது நல்லது. கவிழ்க்கும் வித்தை, கசிவே இல்லாமல் நெடுநாள் சும்மா கிடந்த பெட்டிக்குச் சில சமயம் பலிக்கும். ஓட்டைக்கு மருந்தல்ல. உங்களுடையதில் குளிர்விக்கும் பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும்.

இத்தனை தொல்லைக்கு 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜுக்கே மாறிவிடலாமா?
– வாசகர், சிட்னி

வாரம் முழுக்க மின்சாரம் இல்லாத காட்டில் ஒரே இடத்தில் முகாமிடுபவர் என்றால் மாற வேண்டாம். நாளுக்குச் சுமார் 300 கிராம் புரொப்பேன்தான் செலவு. 9 கிலோ சிலிண்டர் ஃப்ரிட்ஜுக்கு மட்டும் ஒரு மாதம் வரும், சத்தமும் இல்லை. நாளும் ஓட்டிக்கொண்டிருப்பவர், 35 டிகிரிக்கு மேல் வெயிலில் சுற்றுபவர், சமமான இடம் தேடி அலுத்தவர், இவர்களுக்குக் கம்ப்ரஸர்தான் பொருத்தம். நாளுக்கு 40, 50 ஆம்பியர்-மணி கேட்கும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியும் 200 வாட் சூரியத் தகடும் கணக்கில் வையுங்கள். மாற்றும்போது பழைய கேஸ் குழாயின் முனையை டேப் சுற்றி விட்டுவிடாமல் உரிமம் பெற்ற ஆளைக் கொண்டு பித்தளை மூடி போட்டுச் சோப்பு நீரில் சோதியுங்கள். வெளிச்சுவரின் இரு துவாரங்களை மட்டும் அடைக்காதீர்கள், கம்ப்ரஸருக்கும் அந்தக் காற்று வேண்டும்.